கன்னித்தீவும் பாம்பூஃப்ளாட்டும்: பெயர்ச்சொல் பற்றி ஒரு விளக்கம்

நம் பிள்ளைகள் பள்ளியில் 'ப்ராப்பர் நவுன்' படிக்கிறார்கள். முதலெழுத்தைப் பெரிதாக எழுதினால் போதும், அடையாளம் தெரிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து ஏது? 'சிறப்புப்பெயர்' என்று தமிழாக்கிச் சொன்னாலும் நன்னூலைத் திறந்ததும் குழப்பம் கூடுகிறது.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டுச் சமணத் துறவி. பெயரைப் பார்த்து அவர் இரண்டு விஷயம் கேட்கிறார். ஒன்று, காரணம் உண்டா? உண்டென்றால் காரணப்பெயர், இல்லையென்றால் இடுகுறிப்பெயர். இரண்டு, பலவற்றுக்குப் பொதுவா, ஒரு வகைக்கே உரியதா? மரம் பொது, பனை சிறப்பு. ஆனால் ஆங்கிலக் கணக்கில் பனை 'காமன் நவுன்'தான். பனை ஒன்றா இரண்டா, ஊரெல்லாம் நிற்கிறதே! ஒரே ஆளுக்கு இட்டு வழங்கும் பெயரைத் தொல்காப்பியம் இயற்பெயர் என்கிறது. 'ப்ராப்பர் நவுனு'க்கு நெருங்கி வருவது இதுதான்.

இதைப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகத்தை வைத்தே விளக்கலாம். வேதாளம் என்பது ஓர் இனத்தின் பெயர். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியதும் அது ஒரே ஆளின் பெயர் ஆகிவிட்டது. சகுனி தலைகீழ்: மகாபாரதத்தில் ஒரே ஆள், நம் பேச்சில் சூழ்ச்சிக்காரன் எவனும் சகுனிதான்.

1871-இல் லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதையின் இரண்டாம் நூலில் ஹம்ப்டி டம்ப்டி என்ற முட்டை மனிதர் வருகிறார். ஆலிஸ் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று கேட்கிறார். பெயருக்குப் பொருள் வேண்டுமா என்று சிறுமி திகைக்கிறாள். தன் பெயர் தன் வடிவத்தையே சொல்கிறது என்பது அவர் பெருமை. இடுகுறியும் காரணமும் அங்கே நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன, பாருங்கள்!

தினத்தந்தியில் 1960 முதல் வந்த 'கன்னித்தீவு' நினைவிருக்கும். கன்னி பொது, தீவும் பொது. சேர்ந்தால் சிந்துபாத் போகும் ஒரே தீவு. நம் பாம்பூஃப்ளாட்டும் அப்படியே. மூங்கிலும் சமதரையும் எங்கும் உண்டு. சாத்தம் படகில் ஏறிக் கேட்டால் ஊர் ஒன்றுதான். காரணம் இருக்கிறது என்பதற்காக யாரும் 'மூங்கில் சமதரை'க்கு டிக்கெட் கேட்பதில்லை.

நம் ஊருக்கு மேலே நிற்கும் மலைக்கு ராபர்ட் டைட்லரின் மனைவி ஹாரியட் பெயர் இருந்தது. 2021-இல் அது மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. மலை அதேதான், பெயர் நாம் இடுவது.

ஆகவே பெற்றோர்களே, இலக்கணத்தை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். பிள்ளையின் பெயருக்குக் காரணம் என்ன, யார் வைத்தது, எந்தத் தாத்தா பெயர் என்று சொல்லிக் கொடுங்கள். பள்ளிப் படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தை எப்படியாவது நிரப்பிவிடலாம். இதை நாம்தான் சொல்ல வேண்டும்.