கடைமடை வரை ஒரு வாய்க்கால்

நுழையும்முன்

ஆற்றைத் தேடிச் சென்று குடியேறிய மனிதன், பின்னர் ஆற்றையே தன் நிலத்திற்கு அழைத்து வரக் கற்றான். அக்கல்வியின் பெயர்தான் வாய்க்கால். கொங்கு நாட்டின் பழமையான வாய்க்கால் ஒன்றின் வரலாற்றையும், அது நமக்கு விட்டுச்சென்ற பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு நதிகளை இணைத்த பணி

பாண்டியர் ஆட்சியின்கீழ்க் கொங்குப் பகுதியில் அதிகாரம் செலுத்தியவர் காலிங்கராயன். பூந்துறை நாட்டு வெள்ளோட்டைச் சேர்ந்த இவர், பவானியாறு காவிரியுடன் கலப்பதற்குச் சற்று முன்பாக ஓர் அணையைக் கட்டினார். அங்கிருந்து தொடங்கும் வாய்க்கால் ஈரோடு வழியாகக் காவிரிக்கு இணையாக ஏறத்தாழ 90 கி.மீ. சென்று நொய்யலாற்றில் முடிகிறது. இப்பணி பொ.ஆ. 1271 முதல் 1283 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நடைபெற்றதாகக் கூறுவர். இன்றும் 15,743 ஏக்கர் நிலம் இதனால் பாசனம் பெறுகிறது. மஞ்சளும் நெல்லும் கரும்பும் வாழையும் விளைகின்றன.

வளைவில் அமைந்த அறிவு

இவ்வாய்க்கால் நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து செல்கிறது. பாம்பு ஒன்று ஊர்ந்து வழிகாட்டியதாக மக்கள் கதை சொல்வர். அக்கதைக்குள் பொறியியல் நுட்பம் ஒளிந்துள்ளது. நேராக வெட்டினால் நீர் விரைந்து பள்ளத்தை அடைந்துவிடும். மேட்டு நிலங்கள் வறண்டு கிடக்கும். நிலத்தின் சம உயரத்தைத் தழுவி வளைந்து சென்றால், வாய்க்கால் தன் உயரத்தை எளிதில் இழக்காது. அதற்கும் காவிரிக்கும் இடைப்பட்ட வயல்களுக்கு எவ்வித இயந்திரமுமின்றி மதகுகள் வழியே நீர் தானாகப் பாயும். கசியும் நீர் அருகிலுள்ள கிணறுகளையும் ஊறச் செய்யும்.

மற்றொரு சிறப்பு வடிகால். பண்டைய மெசொப்பொத்தேமியாவில் கால்வாய் நீர் வடிய வழியின்றித் தேங்கியதால் வயல்களில் உப்புப் படிந்து விளைச்சல் குன்றியது. இங்கோ வயலில் மிஞ்சும் நீர் சரிவின் வழியே ஆற்றுக்கே திரும்புகிறது.

தன் வயலுக்காகவே காலிங்கராயன் வாய்க்கால் வெட்டினார் என்னும் பழிச்சொல் எழுந்ததாம். அதனால், தாமும் தம் வழியினரும் அந்நீரைப் பயன்படுத்துவதில்லை என உறுதிபூண்டு ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது செவிவழிச் செய்தி. பொதுநீர் எவருக்கும் தனியுடைமை அன்று என்னும் அறத்தை மக்கள் இவ்வாறு நினைவில் வைத்துள்ளனர்.

தெரிந்து தெளிவோம்

'கால்' என்பதற்கு நீர் செல்லும் வழி என்றும் பொருளுண்டு. வாய்க்கால் என்னும் சொல் முன்பின்னாக மாறிக் கால்வாய் என வழங்குவது இலக்கணப் போலி.

நொய்யல் தரும் பாடம்

இவ்வாய்க்கால் சென்றடையும் நொய்யல், வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றித் திருப்பூர் நகரின் நடுவே பாய்ந்து வருவதாகும். முன்னோர் அதன் குறுக்கே தடுப்பணைகள் அமைத்து, வாய்க்கால்களால் குளங்களை நிரப்பினர். கோவையின் உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர்க் குளங்களும் திருப்பூரின் ஆண்டிபாளையம் குளமும் அம்மரபில் வந்தவை.

பின்னலாடைத் தொழில் திருப்பூருக்கு உலகப் புகழையும் பல இலட்சம் பேருக்கு வாழ்வையும் அளித்தது. ஆனால், சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்திற்காக 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. உழவர்கள் அந்நீர் தங்கள் வயலுக்கு வேண்டாவென மறுக்க நேர்ந்தது. 2011 சனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்து தவித்தனர். கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையே தொழிலும் உழவும் சேர்ந்து வாழ வழி என்பது தெளிவாயிற்று. காலிங்கராயன் வாய்க்காலுக்கும் இவ்விடர் நேர்ந்தது. கழிவு கலவாதிருக்க ஈரோட்டில் அதனையொட்டித் தனிக் கழிவுநீர்க் கால்வாய் கட்டவேண்டியதாயிற்று.

தலைமடையில் இருப்பவர் செய்வது கடைமடையில் இருப்பவரைச் சேரும். நீரை அளவோடு எடுத்தால் கடைமடையும் விளையும்; நஞ்சைக் கலந்தால் கடைமடையே முதலில் கருகும். ஒரு வாய்க்காலின் பெருமையை அதன் நீளத்தால் அன்று, கடைசி வயலுக்குச் சேரும் நீரின் தூய்மையால் அளக்கவேண்டும். வெட்டியவர் தம் கடமையை முடித்துவிட்டனர். காக்கும் கடமை நம்முடையது.