அப்பாவுக்கு ஒரு சுருள் ஓவியம்

ஐதராபாத் பக்கம் பல வீடுகளில் அப்பா துபாயிலோ குவைத்திலோ வேலை பார்க்கிறார். வீடியோ காலில் தினமும் முகம் பார்க்கலாம். ஆனாலும் நீங்கள் வரைந்த படம் அவர் அறைச் சுவரில் தொங்கினால் அந்தச் சந்தோஷமே தனி! போஸ்டர் கலரைத் தடிமனாக அப்பி, தாளை மடித்து அனுப்பினால் மட்டும் வம்புதான். மடிப்பில் வண்ணம் வெடித்து உதிர்ந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, சித்திபேட்டை மாவட்டத்துச் சேரியால் என்ற ஊரில் எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டார்கள். அங்குள்ள நகாஷி ஓவியர்கள் வரைவது நீளமான சுருள் ஓவியம். கதைசொல்லிகள் அதை ஊர் ஊராகத் தூக்கிப்போய், கட்டம் கட்டமாக விரித்து, அந்தந்தச் சமூகத்தாரின் முன்னோர் கதையைப் பாடுவார்கள். எத்தனை முறை சுருட்டினாலும் வண்ணம் நிற்க வேண்டும். அதற்கு அவர்கள் நம்பியது புளியங்கொட்டையை!

வெறும் கதர்த் துணியில் வண்ணம் வைத்தால், நூல்களுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் அதை உறிஞ்சி நாலாபக்கமும் இழுத்துவிடும். கோடு கோடாக நிற்காது. எனவே இடைவெளிகளை வெள்ளை மண்ணால் அடைக்கிறார்கள். வெறும் மண் காய்ந்தால் குளத்துச் சேறு மாதிரி வெடிக்குமே? அங்கேதான் புளியங்கொட்டைப் பசை வருகிறது. அரிசிக் கஞ்சியும் கோந்தும் கூடவே சேரும்.

புளியங்கொட்டைப் பருப்பில் சைலோகுளுக்கான் என்ற பொருள் நிறைய இருக்கிறது. சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்துக்கொண்ட சங்கிலி அது. வெந்நீரில் நீரைக் குடித்து உப்பிப் பசையாகும். செடிகளின் செல் சுவரில் செல்லுலோஸ் இழைகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் சைலோகுளுக்கான்தான். பருத்தி நூல் ஏறத்தாழ முழுக்கச் செல்லுலோஸ். பிறகு ஒட்டாமல் என்ன செய்யும்?

தஞ்சாவூர் ஓவியத்திலும் பலகைமேல் துணி ஒட்ட இந்தப் பசை பயன்பட்டிருக்கிறது. பலகை வளையாது, சுருள் வளைய வேண்டும். அதனால் சேரியாலில் பூச்சை ஒரேயடியாக அப்பாமல், மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசுவார்கள். வளைக்கும்போது பூச்சின் வெளிப்பக்கம் இழுபடும். பூச்சு தடிமனாக இருந்தால் இழுப்பும் அதிகம், விரிசலும் அதிகம்.

சோதித்துப் பார்ப்போமா? பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுங்கள். ஒரு பருத்தித் துண்டில் சாக்பீஸ் பொடியும் தண்ணீரும், இன்னொன்றில் அதே பொடியும் பசையும் பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் இரண்டையும் முதலில் பூரிக்கட்டையில், பிறகு பென்சிலில் சுற்றுங்கள். எதில், எப்போது விரிசல் விழுகிறது?

பசை பூசிய நீளத் துணியில் மேலிருந்து கீழாகக் கட்டம் போட்டு, அப்பா பார்க்காமல் போன போனாலுத் திருவிழா, தம்பியின் முதல் பல், தெருமுனை இரானி டீக்கடை எல்லாவற்றையும் வரையுங்கள். பின்னணி சிவப்பாக இருப்பதே சேரியால் வழக்கம். பழைய ஓவியர்கள் அந்தச் சிவப்புக்குச் சாதிலிங்கம் என்ற பாதரசக் கனிமத்தை அரைத்தார்கள். அது நஞ்சு, நமக்குக் கடைச் சிவப்பே போதும். தடித்த அட்டைக் குழாயில் தளர்வாகச் சுற்றி அனுப்புங்கள். ஈரம் படாத இடத்தில் மாட்டச் சொல்லி அப்பாவுக்கு ஒரு சீட்டும் வையுங்கள். சர்க்கரைச் சங்கிலி அல்லவா, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது சாப்பாடு!