கென்மேர் தெருவில் செதுக்கிய ஓசை

1920களின் அமெரிக்க நடன அரங்குகளில் கிடாருக்குப் பெரிய இடம் இல்லை. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கும் குழுவில் தாளத்தைத் தாங்கியது பாஞ்சோ. அத்தனை இரைச்சலில் கிடாரை மீட்டினால் அது முன்வரிசையைக்கூட எட்டாது. அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பாஞ்சோ காணாமல் போய், அதே நாற்காலியில் கிடார் உட்கார்ந்துவிட்டது. ஒலிபெருக்கி கிடாருக்கு வருவதற்கு முன்பே இது நடந்தது. கிடாரை வயலின் செய்கிற முறையில் செய்து பார்த்ததன் பலன் அது.

மிச்சிகன் மாநிலத்தின் கலாமசூ ஊரில் ஆர்வில் கிப்ஸன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மேற்பலகையைச் செதுக்கி மாண்டலின், கிடார் செய்துவந்தார். அவர் பெயரில் அமைந்த நிறுவனம் 1922இல், கருவி வடிவமைப்பாளர் லாய்டு லோர் அங்கே பணியாற்றிய காலத்தில், எல்-5 என்ற கிடாரை வெளியிட்டது. நடுவில் வட்டத் துளை கிடையாது. வயலினில் உள்ளதுபோல இருபுறமும் ‘எஃப்’ வடிவத் துளைகள். மேற்பலகை தட்டையாக இல்லாமல் நடுவில் மேடிட்டு ஓரங்களை நோக்கிச் சரியும். ஆர்ச்டாப் எனப்படும் வகையின் முகம் அதில்தான் தெளிவாகத் துலங்கியது.

சாதாரண கிடாரில் தந்திகள் பலகையில் ஒட்டிய குதிரையோடு (பிரிட்ஜ்) கட்டப்பட்டு, அதைப் பிடித்து இழுக்கின்றன. ஆர்ச்டாப்பில் குதிரை ஒட்டப்படுவதே இல்லை. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே அது பலகைமேல் நிற்கிறது. தந்திகள் அதைத் தாண்டிப்போய், உடலின் கடைக்கோடியில் மாட்டிய டெயில்பீஸில் முடிகின்றன. ஆகவே தந்தியின் விசை பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்தப் பாரத்தை வளைவு தாங்குகிறது. மீட்டிய கணத்தில் ஒலி பளிச்சென்று எழும்; சீக்கிரமே அடங்கியும் விடும். அடங்குவதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்தக் கருவியின் உயிர். ஒரு சுரக்கூட்டு அடுத்ததன்மேல் வழியாமல் தனித்தனியாக நிற்பதால்தான் பெரிய வாத்தியக் குழுவில் அது தாளமாகிறது. கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்து, 1987இல் இறக்கும்வரை வாசித்த ஃப்ரெடி கிரீன் இதற்குச் சாட்சி. தனி ஆவர்த்தனத்தை அவர் நாடவே இல்லை. அடிக்கு ஒரு மீட்டல், அவ்வளவுதான். பேஸி குழுவின் ‘லில் டார்லின்’ பதிவில் அந்த மீட்டல்கள் மொத்தக் குழுவையும் நிதானமாக நடத்திச் செல்கின்றன.

ஒலி போதவில்லை என்பதால் உடலைப் பெரிதாக்கும் போட்டி 1930களில் நடந்தது. எல்-5 முதலில் 16 அங்குல அகலம். பாஸ்டனில் சார்லஸ் ஸ்ட்ராம்பெர்க்கும் மகன் எல்மரும் 19 அங்குலம்வரை போனார்கள். ஆனால் அளவைவிடக் கை முக்கியம் என்று காட்டியவர் ஜான் டி’ஆஞ்செலிகோ. 1905இல் பிறந்த இத்தாலிய வம்சாவளி நியூயார்க்காரர். உறவினரிடம் வயலின், மாண்டலின் வேலை கற்று, 1932இல் மன்ஹாட்டனின் கென்மேர் தெருவில் சிறிய பட்டறை திறந்தார். தொழிற்சாலையாக வளர்க்கும் ஆசை அவருக்கு இல்லை. கூட வேலை செய்தவர்கள் ஓரிருவர். அவருடைய ‘எக்ஸெல்’ மாதிரி 17 அங்குலம், ‘நியூயார்க்கர்’ மாதிரி 18 அங்குலம். வாசிப்பவரின் கைக்கும் காதுக்கும் ஏற்ப அவற்றிலும் மாற்றங்கள் செய்துகொடுப்பார். 1964இல் மறையும்வரை அவர் செய்த கிடார்கள் 1,164 என்பது பதிவேட்டுக் கணக்கு.

இந்த வேலையின் நுட்பம் செதுக்குவதில் இருக்கிறது. ஸ்ப்ரூஸ் மரத்தை நடுவே பிளந்து, புத்தகம்போல விரித்து ஒட்டுவார்கள். வெளிவளைவை முதலில் செதுக்கி, பிறகு உட்புறம் குடைவார்கள். ஒரே கனத்தில் விட முடியாது. பொதுவாக நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்க வேண்டும். பின்பலகைக்கு மேப்பிள். பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதுபோலப் பலகையைத் தட்டிக் கேட்டு, விரலால் வளைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சீவுவார்கள். ஒரு மரம்போல இன்னொரு மரம் இருப்பதில்லை என்பதால் அளவுகோல் ஓரளவுக்குத்தான் உதவும். அதிகம் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை.

கிப்ஸனின் ஈஎஸ்-150 மின்கிடார் 1936இல் வந்தது. 1939இல் சார்லி கிறிஸ்டியன் பென்னி குட்மன் குழுவில் அதை வாசித்தபோது கிடார் சாக்ஸஃபோனுக்கு நிகராகத் தனித்துப் பேசத் தொடங்கியது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. செதுக்கிய பலகை ஒலிபெருக்கியின் அதிர்வுக்கும் சிலிர்த்து ஊளையிடும். அதனால் 1949இல் வந்த ஈஎஸ்-175க்குப் ப்ளைவுட் பலகையே போதும் என்றானது; விலையும் குறைவு. ஜாஸ் கிடார் என்றதும் பலர் மனத்தில் ஒலிப்பது இந்த மெத்தென்ற மின்னொலிதான். ஜிம் ஹால், ஜோ பாஸ் போன்றவர்கள் அதில் செய்தவை அற்புதங்கள், மறுப்பதற்கில்லை. ஆனாலும் செதுக்கிய மரத்தின் சொந்தக் குரல் வேறு. ஈரமில்லாத, முனை மழுங்காத அந்தக் குரலை மைக் இல்லாத சிறு அறையில்தான் முழுதாகக் கேட்க முடியும்.

அந்தக் குரலைத் தேடியே வாழ்ந்தவர் ஜிம்மி டி’அக்விஸ்டோ. 1952இல் டி’ஆஞ்செலிகோவிடம் பதின்ம வயதுச் சீடனாகச் சேர்ந்தவர். குருவின் மறைவுக்குப் பிறகு பட்டறையில் பாதியில் நின்ற கிடார்களை அவரே முடித்தார். பிற்காலத்தில் அலங்காரச் சிப்பி, பிளாஸ்டிக் விளிம்பு, கனத்த உலோக டெயில்பீஸ் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்; டெயில்பீஸையும் மரத்திலேயே செய்தார்; ஒலித்துளைகளை அகலமாக்கினார். ஒலிக்கு உதவாத பாரம் எதற்கு என்பதே அவர் கேள்வி. குருவைப் போலவே அவரும் 59 வயதில், 1995இல் இறந்தார்.

அவர் செய்த நீலநிற ‘செஞ்சுரா’வின் சொந்தக்காரர் ஸ்காட் சினெரி என்ற சேகரிப்பாளர். டி’அக்விஸ்டோவின் நினைவாக, வேறு கிடார்க் கலைஞர்கள் பலரிடம் ஆளுக்கு ஓர் ஆர்ச்டாப் கேட்டார். 18 அங்குல அகலமும் அதே நீலமும்தான் நிபந்தனை. மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். அவை 1997இல் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. சினெரி சேர்த்துவைத்த கிடார்களைக் கொண்டு மார்ட்டின் டெய்லரும் ஸ்டீவ் ஹோவும் ‘மாஸ்டர்பீஸ் கிடார்ஸ்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். மெட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடத்தையும் அடங்கும் இடத்தையும் கவனியுங்கள். கருவி மாறும்போதெல்லாம் அந்த இரண்டும் மாறுவது தெரியும்.