‘8+8 ஜிபி ரேம்’ போன் உண்மையில் 16 ஜிபி ஆகுமா? டேட்டா இருக்கும் இடம் வேகத்தை மாற்றுவது எப்படி?

புது ஸ்மார்ட்போன் பெட்டிகளில் ‘8+8 ஜிபி ரேம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "இந்த விலைக்கு 16 ஜிபி ரேமா!" என்று ஆச்சரியப்பட்டு வாங்குபவர்களும் உண்டு.

ஆனால், அந்தக் கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் 8-ம் பின்னால் இருக்கும் 8-ம் ஒன்றல்ல. முதலாவது நிஜமான ரேம். இரண்டாவது, போட்டோ, வீடியோ எல்லாம் சேமிக்கும் ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கிய இடம். இதைத்தான் ‘விர்ச்சுவல் ரேம்’ என்கிறார்கள்.

ஒரு சின்னத் தகவலை எடுத்துவர ரேமுக்கு ஆகும் நேரத்தைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு நேரம் ஸ்டோரேஜுக்கு ஆகும்.

அஞ்சறைப் பெட்டியும் மளிகைக் கடையும்

பிராசஸர் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும், டேட்டா கைக்கு வந்தால்தான் வேலை நடக்கும். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது கடுகு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பக்கத்திலேயே அஞ்சறைப் பெட்டி இருந்தால் ஒரு நொடி. கம்ப்யூட்டரில் அந்த அஞ்சறைப் பெட்டிதான் ‘கேஷ்’. பிராசஸர் சிப்புக்குள்ளேயே இருக்கும். அதன் முதல் அடுக்கில் இருந்து டேட்டாவை எடுக்க சுமார் 1 நானோ நொடி போதும். அதாவது, ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

கேஷில் இல்லையென்றால் ரேமுக்குப் போக வேண்டும். அதற்குச் சுமார் 100 நானோ நொடி. அங்கேயும் இல்லாவிட்டால் ஸ்டோரேஜ்; சுமார் 1 லட்சம் நானோ நொடி.

1 நானோ நொடியை 1 நொடியாக நீட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கேஷ் என்பது கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டி. ரேம், ஒன்றரை நிமிடத்தில் போய்வரும் தெருமுனைக் கடை. ஸ்டோரேஜ், போய்வர ஒரு நாளுக்கு மேல் ஆகும் வெளியூர்ச் சந்தை. பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கிட்டத்தட்ட நாலு மாதம்! அதுவரை எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கேஷாகவே வைத்தால் என்ன?

விலையும் இடமும்தான் காரணம். கேஷ் ‘எஸ்ரேம்’ வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு பிட் தகவலைச் சேமிக்கப் பொதுவாக 6 டிரான்சிஸ்டர்கள் தேவை. ரேமாகப் பயன்படும் ‘டிரேம்’ வகையில் 1 டிரான்சிஸ்டரும் 1 மின்தேக்கியும் போதும். அதனால்தான் மலிவு.

ஆனால், அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை மறுபடி நிரப்பியாக வேண்டும். கரண்ட் போனால் உள்ளே இருந்த டேட்டாவும் போச்சு.

கணக்கு ஒன்றுதான், நேரம் மட்டும் வேறு

கடுகு வாங்கப் போனால் ஒரே ஒரு கடுகையா வாங்கி வருவோம்? பாக்கெட்டாகத்தானே வாங்குவோம். பிராசஸரும் அப்படித்தான். ஒரு எண்ணைக் கேட்டாலும், அதற்குப் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து, பெரும்பாலான பிராசஸர்களில் 64 பைட்டுகளாக, ரேமில் இருந்து கேஷுக்கு அள்ளிவரும். 4 பைட் எண்கள் என்றால், ஒரே நடையில் 16 எண்கள்.

இப்போது 10,000 வரிசை, 10,000 பத்தி கொண்ட ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10 கோடி எண்கள். சி மொழியில் எழுதினால், இவை வரிசை வரிசையாக ரேமில் அடுக்கப்படும்.

வரிசைப்படி கூட்டிக்கொண்டே போனால், வந்த 16 எண்களும் பயன்படும். பத்திப்படி மேலிருந்து கீழாகக் கூட்டினால், ஒவ்வொரு எண்ணும் 40,000 பைட் தள்ளி இருக்கும். 16 வந்தாலும் ஒன்றைத்தான் தொடுகிறோம். மிச்சம் 15-ம் தேவைப்படும் நேரத்தில் கேஷில் இருந்து வெளியே தள்ளப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

போடும் கூட்டல் அதே 10 கோடி. விடையும் அதே. ஆனால், இரண்டாவது வழி பல மடங்கு மெதுவாக ஓடும். புரோகிராமில் மாற வேண்டியது இரண்டு வரிகளின் இடம்தான். புது மெஷின் வாங்கத் தேவையே இல்லை.

வேகத்தைக் குறைத்தும் ஜெயித்த சிப்

2022-ல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸர் இதற்கு நல்ல உதாரணம். அதற்கு முந்தைய 5800எக்ஸின் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், புதியதில் 4.5 தான். இரண்டிலும் 8 கோர்கள். ஆனால், மூன்றாம் அடுக்கு கேஷ் 32 எம்பியில் இருந்து 96 எம்பி ஆனது. பல கேம்களில் புதியதுதான் முந்தியது. அதிக கேஷ் கேட்காத சில வேலைகளில் பழையதே கொஞ்சம் வேகம்.

விர்ச்சுவல் ரேமால் பயனே இல்லையா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பின்னணியில் சும்மா கிடக்கும் ஆப்களின் டேட்டாவை ஸ்டோரேஜுக்குத் தள்ளிவிட்டு, ரேமில் இடம் பிடித்துக்கொடுக்கும். 4 ஜிபி போனில் அது ஓரளவு உதவும். நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும் கேமை அது வேகமாக்காது. தவிர, ஃபிளாஷ் ஸ்டோரேஜ் எழுத எழுதத் தேயும் தன்மை கொண்டது.

போன் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் கூட்டுத்தொகையைவிட, ஸ்டோரேஜ் எந்த வகை என்று பார்ப்பது பயன் தரும். ‘இஎம்எம்சி 5.1’ என்றால் அதன் உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி. ‘யுஎஃப்எஸ் 3.1’ என்றால் சுமார் 2,900 எம்பி. பெட்டியில் இந்த விவரம் இல்லாவிட்டால், அந்த போன் நிறுவனத்தின் இணையதளத்தில் ஸ்பெசிஃபிகேஷன் பகுதியில் தேடலாம்.