பூட்டில்லாத தங்குமிடங்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வாப்பாவோடு நெடுந்தீவுக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டுக்குக் கூரைத் தகடு கொடுத்திருந்தார். மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு பின்னேரப் படகிலேயே திரும்புவதாக ஏற்பாடு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். போகும்போது கடல் அமைதியாகத்தான் இருந்தது. பின்னேரம் சோளகம் எழுந்துவிட்டது. துறையில் நின்றவர்கள் கடலை ஒருமுறை பார்த்தார்கள், "இனி நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

எங்கே படுப்பது என்ற பயம் எனக்கு. நாங்கள் திரும்பி வருவதைக் கண்ட அந்த வீட்டு அம்மா கேட்கவே விடவில்லை. "இதென்ன யோசனை தம்பி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ" என்றார். என்னைத் தன்னோடு அறையில் படுக்க வைத்தார். வாப்பாவுக்கு விறாந்தையில் பாய் போட்டார். நாங்கள் தொழுவதற்காகக் கழுவிய பாய் ஒன்றை எடுத்துத் தந்து, மேற்குத் திசையையும் காட்டினார். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எளிதில் கிடைப்பதில்லை, பல கிணறுகள் உவர். ஆனாலும் வுழூச் செய்ய ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்திருந்தார்.

சுபஹ் தொழுகை முடிந்ததும் வாப்பா வாளிகளை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போனார். என்னிடம் அறையையும் விறாந்தையையும் கூட்டச் சொன்னார். "விருந்தாளிகள் ஏன் வேலை செய்ய வேணும்?" என்று கேட்டேன். "நாம் போன பிறகு இவங்களுக்கு நம்ம மேல சலிப்பு வரக் கூடாது மகள். அப்பதான் அடுத்து வாறவனுக்கும் இந்தக் கதவு திறக்கும்" என்றார்.

அந்தப் பதிலே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. முன்பின் தெரியாத வழிப்போக்கருக்கு இடம் தரும் வழக்கம் எப்படி இத்தனை காலம் நிலைத்தது என்று தேடத் தொடங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் மக்கள் நடந்தும் மாட்டு வண்டியிலும் பயணம் செய்த காலத்தில் தெருவோரங்களில் மடங்கள் இருந்தன. பெரும்பாலும் சுண்ணாம்பும் கல்லும் கொண்டு கட்டிய எளிய கட்டடங்கள். வெயிலுக்கு ஒதுங்கலாம், இரவு படுத்தெழும்பலாம். பக்கத்தில் ஒரு கிணறு, மாடுகள் குடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, அவை உடம்பை உரசிக்கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக்கல், தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி என்பனவும் இருக்கும். பருத்தித்துறையில் உள்ள தெருமூடிமடம் இவற்றுள் தனித்துவமானது. அதன் கூரை தெருவின் குறுக்கே மூடி நிற்கிறது. நடுவே வண்டி போகும், இரு பக்கத் திண்ணைகளிலும் மனிதர் இளைப்பாறுவர்.

சுமைதாங்கியைப் பற்றி நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்த அமைப்பு அது. யாருடைய உதவியும் இல்லாமல், குனியாமல், சுமையை இறக்கவும் திரும்ப ஏற்றவும் வசதியான உயரத்தில் இருக்கும். கர்ப்பிணியாக இருந்து, சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்களுடைய குடும்பத்தார் இவற்றைக் கட்டுவது வழக்கம். தம் வீட்டுத் துயரத்தை அவர்கள் ஊராரின் இளைப்பாறுதலாக மாற்றினார்கள்.

தீவகத்தில் இந்த வழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கருதுவோர் உண்டு. அந்தக் காப்பியத்தின் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தின் பெயரையே அங்குள்ள அமுதசுரபி அன்னதான மடம் தாங்கி நிற்கிறது. அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் அங்கே பசியாறுகிறார்கள். கடற்கரைகளில் கிடுகு வேய்ந்த மீனவர் வாடிகளைக் காணலாம். வலையும் கயிறும் ஒரு கேத்தலும் இருந்தால் அது ஒரு வீடு. தெற்கே கச்சதீவில் ஊர் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. 285 ஏக்கர் அளவுள்ள அந்தத் தீவில் அந்தோனியார் திருவிழா நடக்கும்போது இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறவர்கள் ஓரிரவு தங்கிப் போகிறார்கள். 1974ஆம் ஆண்டு இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையிலும் இந்த யாத்திரிகர்களுக்கு இடம் வைக்கப்பட்டது.

உலகின் வட கோடியிலும் இதே வழக்கத்தைக் கண்டு வியந்தேன். பின்லாந்தின் வடக்கே லாப்லாந்தில் மரங்களற்ற மொட்டை மலைகள் உண்டு. குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக்கும் இறங்கும். அங்கே நடந்தும் பனிச்சறுக்கியும் செல்பவர்களுக்காக மரக் குடில்கள் இருக்கின்றன. 'அவுத்தியோதுப்பா', அதாவது ஆளில்லாக் குடில், என்பது அவற்றின் பெயர். பலவற்றை அரசின் வன நிறுவனம் பராமரிக்கிறது. வாடகை இல்லை, காவலாளி இல்லை, கதவுக்குப் பூட்டும் இல்லை. உள்ளே ஒரு விறகடுப்பு, படுக்கப் பலகை மேடை, கோடரி, ஒரு வருகைப் புத்தகம் ஆகியவை இருக்கும். எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்று அதில் எழுத வேண்டும். யாராவது காணாமற் போனால் தேடுகிறவர்களுக்கு அதுவே முதல் தடயம்.

அங்கே இரண்டு விதிகள் முக்கியமானவை. முதலாவது, கடைசியாக வருகிறவருக்கே உரிமை அதிகம். முன்னே வந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டவர், குளிரில் நனைந்து வருகிறவருக்கு இடம் விட வேண்டும். நமது பஸ்ஸில் முந்தி ஏறியவருக்கே ஆசனம் என்ற நியாயத்துக்கு இது நேர் எதிர். இரண்டாவது, போகுமுன் விறகு பிளந்து அடுப்பருகே வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவரின் விரல்கள் கோடரி பிடிக்க முடியாதபடி விறைத்திருக்கலாம். அந்த விறகு அவருடைய உயிரையே காக்கலாம்.

இதை வாசித்தபோது வாப்பா தண்ணீர் வாளிகளோடு நடந்துபோன காலைதான் நினைவுக்கு வந்தது. அவர் அதை எங்கே கற்றார் என்று வாப்பும்மாவிடம் கேட்டேன். அவர் 1990 ஒக்டோபரைப் பற்றிச் சொன்னார்.

அந்த மாதத்தில் வடக்கின் முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் கிடைத்தது சில மணி நேர அவகாசம். வாப்பா அப்போது சிறு பிள்ளை. சில நாள் அலைந்து, புத்தளப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்கு இரவில் போய்ச் சேர்ந்தார்கள். அறை கூட்டியிருந்தது. மூலையில் மூடியிட்ட குடம் நிறையத் தண்ணீர். அன்று காலையில் வேறிடம் போன ஏதோ ஒரு குடும்பம் வைத்துவிட்டுப் போனது. "அவங்களும் எங்களைப் போல எல்லாத்தையும் விட்டு வந்தவங்கதான் மகள். யாரென்று இன்றைக்கும் தெரியாது. அந்தத் தண்ணியிலதான் உன் வாப்பாட வாய் நனைஞ்சது." மூன்றாம் நாள் அங்கிருந்து போகும்போது வாப்பும்மாவும் அந்தக் குடத்தை நிரப்பி மூடிவிட்டுப் போனார்.

ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்று நாம் படித்திருக்கிறோம். வழிப்போக்கருக்காகக் கட்டிய தங்குமிடம் மரணத்தின் பின்னும் நன்மை சேர்க்கும் என்பதும் நமக்குத் தெரியும். இவையெல்லாம் கொடுப்பவரின் கடமைகள். தங்கிப் போகிறவருக்கும் ஒரு கடமை உண்டு என்பதைத்தான் நான் புதிதாக விளங்கிக்கொண்டேன். கட்டுகிறவர் ஒருமுறை கட்டுகிறார். அதன் பின் அந்த இடத்தை வாழ வைப்பவர்கள், போகும்போது அதை அடுத்தவருக்காக ஆயத்தம் செய்துவிட்டுப் போகிறவர்களே.

தோழியரே, தீவகத்துக்குப் போவதானால் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை முதலில் கேட்டு வையுங்கள். சோளகக் காலத்திலும் வாடைக் காலத்திலும் ஓரிரவு தங்க நேரலாம் என்று எண்ணியே புறப்படுங்கள். குடிதண்ணீரும் ஒரு மாற்றுடையும் கையில் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளைப் பயணத்துக்கு அனுப்ப நீங்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. முடிந்தால் ஒருமுறை நீங்களே கூட்டிப் போங்கள். பிறர் வீட்டில் தங்கும் ஒழுங்கை நான் வாப்பாவைப் பார்த்துத்தான் கற்றேன்.

எங்கள் வகுப்புச் சுற்றுலாவில் இம்முறை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கினோம். புறப்படுமுன் பதினைந்து நிமிடம் ஒதுக்கித் தரையைக் கூட்டினோம், குப்பையைக் கட்டி எடுத்தோம், தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். எங்களுக்குப் பிறகு அங்கே தங்க வருகிறவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது.