வெட்டிய செலவு எங்கே போனது?

வரவுக்குள் செலவு செய் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் ஒரு நிதியமைச்சர் எழுந்து, நாட்டுக்கணக்கும் வீட்டுக்கணக்கு மாதிரிதான், கடன் கழுத்துவரை வந்துவிட்டது, இனி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்று சொன்னால், நமக்கு உடனே தலையாட்டத் தோன்றுகிறது. 2010-ல் பிரிட்டனில் பெரும்பாலானோர் அப்படித்தான் தலையாட்டினார்கள். பிறகு என்ன நடந்தது என்று நிதானமாகப் பார்ப்போம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பற்றாக்குறை வேறு, கடன் வேறு. ஓர் ஆண்டில் அரசின் வரவைவிடச் செலவு எவ்வளவு கூடுகிறதோ அது பற்றாக்குறை. அப்படி ஆண்டாண்டாகச் சேர்ந்து நிற்பது கடன். பற்றாக்குறை பாதியாகக் குறைந்தாலும் கடன் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மேடைப் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கேட்பவருக்குப் பிடி கிடைக்காமல் போவது அங்கேதான்.

2008-ல் வங்கிகள் சரிந்தன, பலருக்கு வேலை போனது. வேலை போனவரிடமிருந்து வருமான வரி வராது. அவருக்கு அரசு உதவித்தொகை தரவேண்டும். கடையில் விற்பனை குறைந்தால் வாட் வரியும் குறையும். இப்படி இரண்டு பக்கமும் இழுபட்டு, 2009-10-ல் பிரிட்டனின் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 10 சதவீதத்தைத் தொட்டது. 2010 மே மாதம் டேவிட் கேமரன் தலைமையில் கூட்டணி ஆட்சி வந்தது. ஜார்ஜ் ஆஸ்போர்ன் நிதியமைச்சர் ஆனார். அதே மாதம் கிரீஸுக்கு 110 பில்லியன் யூரோ கடனுதவி அறிவிக்கப்பட்டது. இப்போதே வெட்டாவிட்டால் நாமும் கிரீஸ் ஆவோம் என்றார் ஆஸ்போர்ன். அக்டோபரில் நான்கு ஆண்டுகளுக்கு 81 பில்லியன் பவுண்டு செலவுக் குறைப்பை அறிவித்தார்.

அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். 10 சதவீதப் பற்றாக்குறையை எந்த அரசும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க முடியாது. தோற்றுப்போன லேபர் கட்சி அரசின் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங்கும் பற்றாக்குறையை நான்கு ஆண்டுகளில் பாதியாக்கும் திட்டம் வைத்திருந்தார். எவ்வளவு வேகமாக, யாரிடமிருந்து என்பதில்தான் சண்டை.

ஆனால் கிரீஸ் ஒப்பீடு பிழையானது. கிரீஸ் கடன் வாங்கிய யூரோவை அச்சடிக்கும் அதிகாரம் கிரீஸிடம் இல்லை. பிரிட்டனின் கடன் பவுண்டில் இருந்தது. அதற்கென்று சொந்த மத்திய வங்கி இருந்தது. கடன்பத்திரங்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்ட நீண்ட ஆண்டுகள் அவகாசமும் இருந்தது.

வீட்டுக்கணக்கு ஒப்பீட்டில் இன்னும் பெரிய ஓட்டை உண்டு. நீங்கள் மளிகைச் செலவைக் குறைத்தால் உங்கள் சம்பளம் குறையாது. அரசு செலவைக் குறைத்தால் அரசின் வரவும் குறையும். நூலக ஊழியரை வேலையிலிருந்து அனுப்பினால் அவர் கட்டிய வரி நிற்கிறது. அவர் சாப்பிட்ட ஓட்டலின் வியாபாரம் குறைகிறது. அந்த ஓட்டல் கட்டிய வரியும் குறைகிறது. இந்தச் சுருக்கம் எவ்வளவு என்பதில்தான் நிபுணர்கள் ஏமாந்தார்கள். பன்னாட்டு நாணய நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளான்ஷாரும் டேனியல் லீயும் 2013 ஜனவரியில் இதைத் திறந்தே எழுதினார்கள். ஒரு பவுண்டு வெட்டினால் பொருளாதாரம் அரை பவுண்டு அளவுக்குச் சுருங்கும் என்பதுபோலத்தான் பல நாடுகளுக்கும் கணிப்புகள் போடப்பட்டிருந்தன. நெருக்கடிக் காலத்தில் உண்மைச் சுருக்கம் 0.9 முதல் 1.7 பவுண்டு வரை இருந்திருக்கிறது.

அதே ஆண்டு இன்னொரு தூணும் ஆடியது. கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பேராசிரியர்கள் எழுதியிருந்தார்கள். சிக்கனம் பேசியவர்களுக்கு அது வேதவாக்கு. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களின் எக்ஸெல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதையும் கணக்கிட்ட முறையில் இருந்த மற்ற குறைகளையும் சரிசெய்தால், மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த வளர்ச்சி 2.2 சதவீதம் ஆனது.

இனி வெட்டு எங்கே விழுந்தது என்று பார்ப்போம். எனக்கு இதுதான் முக்கியம்.

இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, நூலகம், பூங்கா, குப்பை எல்லாம் உள்ளாட்சிக் கவுன்சில்களின் பொறுப்பு. அவற்றுக்கு லண்டனிலிருந்து மானியம் வரும். மீதிக்கு உள்ளூரில் கவுன்சில் வரி வசூலிக்கலாம். அந்த வரி வீட்டின் மதிப்பை வைத்து, அதுவும் 1991-ன் விலையில், போடப்படுவது. சர்ரே போன்ற வசதியான பகுதியில் வீடுகளுக்கு மதிப்பு அதிகம், வரி நன்றாக வரும். லிவர்பூல் போன்ற நகரத்தில் மலிவான வீடுகளே மிகுதி. அங்கே வரி கொஞ்சம், தேவை அதிகம். அதனால் அத்தகைய ஊர்கள் மானியத்தை நம்பியே நின்றன. மானியத்தை எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வெட்டினாலும், நம்பி நின்றவர்களுக்குத்தான் பெரிய அடி. 2010-11-க்கும் 2017-18-க்கும் இடையே, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், மத்திய அரசின் நிதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்கிறது பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம். சொந்த வரியை ஏற்றிக்கொள்ளவும் கவுன்சில்களுக்கு முழு உரிமை இல்லை. அரசு வைத்த வரம்பைத் தாண்டினால் உள்ளூரில் பொதுவாக்கெடுப்பு நடத்தவேண்டும்.

முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் சட்டப்படி கைவிட முடியாது. ஆகவே கத்தி மற்றவற்றின் மீது திரும்பியது. இளைஞர் மையங்கள் மூடப்பட்டன, கிராமப் பேருந்துகள் நின்றன, பத்தாண்டுகளில் பிரிட்டனில் சுமார் 800 நூலகங்கள் போயின. முதியோர் பராமரிப்பிலும் தகுதி விதிகள் இறுகின. வீட்டில் வந்து உதவ ஆள் இல்லாததால், குணமான முதியவர்கள் மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடந்தார்கள். அந்தப் படுக்கைக்கும் அரசுதான் பணம் கட்டியது. ஆள் இருந்த வீடுகளில் மகளோ மருமகளோ வேலையைக் குறைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டாள். அந்த உழைப்பு எந்தப் பட்ஜெட்டிலும் ஏறவில்லை. டிரஸ்ஸல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் உணவு வங்கிகள் 2009-10-ல் சுமார் 41,000 அவசர உணவுப் பொதிகள் கொடுத்தன. 2014-15-ல் அது 10 லட்சத்தைத் தாண்டியது. உணவு வங்கிகளின் எண்ணிக்கை கூடியதும் ஒரு காரணம்தான். ஆனால் தேவை இல்லாத இடத்தில் அவை பெருகியிருக்காது.

எல்லோரும் சேர்ந்து சுமக்கிறோம் என்பது அப்போதைய முழக்கம். அதே ஆண்டுகளில் நிறுவன வரி 28 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. மிக உயர்ந்த வருமான வரி 50-லிருந்து 45 ஆனது. வாட் வரி மட்டும் 17.5-லிருந்து 20-க்கு ஏறியது. அரசு பென்ஷன், விலைவாசியோ சம்பளமோ 2.5 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் ஏறும் என்று உறுதி தரப்பட்டது. முதியவர்கள் தவறாமல் வாக்களிப்பவர்கள். 2015 தேர்தலில் கேமரன் தனிப் பெரும்பான்மையோடு வென்றார்.

கணக்கு? முதலீட்டுச் செலவையும் மந்தத்தால் வரும் பகுதியையும் நீக்கிப் பார்த்தால் 2014-15-க்குள் பற்றாக்குறையே இருக்காது என்றார் ஆஸ்போர்ன். மொத்தப் பற்றாக்குறை சுமார் பாதியாகத்தான் குறைந்தது. டார்லிங் சொன்ன அதே பாதி. கடனோ உற்பத்தியில் சுமார் 65 சதவீதத்திலிருந்து 80-ஐத் தாண்டிப் போனது.

அதற்காகக் கடன்பத்திரச் சந்தையைப் பற்றி அரசு கவலையே படவேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசு, ஈடுகட்ட வழி சொல்லாமல் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பு அறிவித்தபோது வட்டி தாறுமாறாக ஏறியது. மத்திய வங்கி இடையில் புகுந்து கடன்பத்திரம் வாங்க வேண்டிவந்தது. பொறுப்பான கணக்கு தேவைதான். வட்டி அடிமட்டத்தில் கிடந்த, வேலையில்லாதோர் நிறைந்திருந்த ஆண்டுகளில் பள்ளிக் கட்டடத் திட்டத்தைக்கூட ரத்து செய்ததை நான் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாதம் இன்னும் ஓயவில்லை. 2024 ஜூலையில் லேபர் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், குளிர்கால எரிபொருள் உதவியைப் பெரும்பாலான முதியவர்களுக்கு நிறுத்தினார். எதிர்ப்பு வலுத்ததும் 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் நாட்டில் ஓர் அமைச்சர் செலவைக் குறைக்கிறேன் என்று அறிவிக்கும் நாளில், எத்தனை கோடி என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த வேலையை இனி யார் செய்யப்போகிறார்கள், சம்பளத்துக்கா சும்மாவா என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.