மடிக்கணினி மூச்சு வாங்குவது ஏன்?

கும்மிடிப்பூண்டியில், உருக்காலை எலெக்ட்ரீஷியன் ஒருவரின் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு மணி 9. மகள் மடிக்கணினி முன் உட்கார்ந்து, கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள். அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவு 12 மணியோடு கெடு முடிகிறது.

மடிக்கணினியோ 'உஸ்... உஸ்...' என்று இரைகிறது. அடிப்பாகம் தோசைக்கல்லாய்ச் சுடுகிறது. ஓர் எழுத்தை அழுத்தினால், அது திரையில் தோன்ற அரை நிமிஷம் ஆகிறது.

"அப்பா! இது பழசாகிவிட்டது. இனி உதவாது" என்கிறாள் மகள். அவள் கண்கள் கலங்குகின்றன.

"ஆலையில் மோட்டார் சுட்டால், உடனே மோட்டாரைத் தூக்கி எறிந்துவிடுவோமா, அம்மா? அதன் மேல் எவ்வளவு லோடு இருக்கிறது என்றுதானே முதலில் பார்ப்போம்" என்கிறார் தந்தை.

அவர் சொன்னது மோட்டாருக்கு மட்டும் அல்ல, கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்!

காக்களூரில் தொடக்கம்

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் மடிக்கணினிக்கும் நெருங்கிய உறவு உண்டு. மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் தமிழக அரசின் திட்டம் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில், மாநிலம் முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன.

எத்தனையோ ஏழை வீடுகளில் அதுவே முதல் கம்ப்யூட்டர். அக்காள் படித்தாள், பிறகு தம்பி படித்தான். வருஷங்கள் ஓடின. வேகம் குறைந்தது. "கெட்டுப் போய்விட்டது" என்று பழைய சாமான் கடைக்குப் போடுகிறவர்களும் உண்டு.

அவசரம் வேண்டாம்! பல சமயங்களில் பெட்டி கெட்டிருக்காது. சுமைதான் கூடியிருக்கும்.

மூளைக்கு எத்தனை வேலை?

கம்ப்யூட்டரின் மூளை 'பிராசசர்'. விரல் நகம் அளவுள்ள சில்லு அது. 1971-ம் ஆண்டில் இன்டெல் கம்பெனி வெளியிட்ட '4004' என்ற சில்லுக்குள் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய சில்லுகளிலோ அவை கோடிக்கணக்கில் உள்ளன.

எழுதுவது, படம் காட்டுவது, கணக்குப் போடுவது எல்லாம் இதன் வேலை. வேலை கூடினால் மின்சாரம் கூடுதலாய் ஓடும், உஷ்ணம் ஏறும், விசிறி வேகமாய்ச் சுழலும். அந்த இரைச்சல்தான் நாம் கேட்பது.

சினிமா பார்க்கும்போது சிறிது நேரம் இரைந்தால் பயம் இல்லை. யாரும் தொடாமல் இருக்கும்போதே மணிக்கணக்கில் இரைந்தால், விசாரிக்க வேண்டும்.

முதல் சோதனை: வேலை வாங்குவது யார்?

விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் 'கண்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாய் அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பட்டியல் திறக்கும். ஆலையில் மேஸ்திரி வைத்திருக்கும் வருகைப் பதிவேடு போன்றது அது. எந்த வேலை எத்தனை சதவீதம் பிராசசரை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். 'சிபியு' என்ற தலைப்பை அழுத்தினால், அதிகம் எடுப்பது மேலே வந்து நிற்கும்.

இணையம் பார்க்கும் பிரவுசர் முதலில் நின்றால், திறந்து வைத்த பக்கங்கள் அதிகம் என்று பொருள். தேவையற்றவற்றை மூடுங்கள்.

'ஆன்டிமால்வேர்' என்ற பெயர் நின்றால், வைரஸ் தேடும் காவல்காரன் ரோந்து சுற்றுகிறான். சிறிது நேரம் பொறுங்கள்; தானே அடங்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு காவல்காரன் போதும். இரண்டு வைரஸ் தடுப்புகளைப் போட்டால், இரண்டும் மோதிக்கொண்டு வேகத்தைக் கெடுக்கும்.

'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்று ஒரு பெயர் 95 சதவீதம் காட்டலாம். திடுக்கிட வேண்டாம்! பிராசசர் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு அது.

பிராசசர் சதவீதம் குறைவாக இருந்து, 'டிஸ்க்' மட்டும் 100 காட்டுகிறதா? அப்படியானால் மூளை மேல் குற்றம் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 'எஸ்.எஸ்.டி.' மாட்டினால் பலன் தெரியும்.

இரண்டாவது சோதனை: கொக்கி போட்டுத் திருடுகிறார்களா?

மின்கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் திருடுவது தெரியும். பிராசசரின் உழைப்பையும் அப்படித் திருடுகிறார்கள்!

'கிரிப்டோ' எனப்படும் மின்பணத்தைச் சம்பாதிக்க ஓயாமல் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை ஊரார் கம்ப்யூட்டரில் ரகசியமாய்ப் போடவைப்பது திருடர்களின் தந்திரம். 2018-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, உலகெங்கும் 4,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களில் இப்படி ஒரு நிரல் புகுந்துவிட்டது. பிரிட்டிஷ் அரசுத் தளங்களும் அதில் தப்பவில்லை. அந்தப் பக்கங்களைத் திறந்தவர்களின் கம்ப்யூட்டர்கள், யாருக்காகவோ உழைத்தன.

திருட்டு சினிமாத் தளங்களும், இனாமாய்க் கிடைக்கும் திருட்டு சாப்ட்வேர்களும் இத்தகைய கொக்கிகளுக்கு வாசல். குறிப்பிட்ட ஒரு பக்கத்தைத் திறந்ததும் விசிறி அலறி, மூடியதும் அடங்கினால் அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள். இந்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' 2017-ம் ஆண்டு முதல் இலவசமாய்த் துப்புரவுக் கருவிகள் தருகிறது.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று திரையில் எச்சரிக்கை வந்தால் பேசாதீர்கள். அது மோசடி. பணம் பறிகொடுத்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மூன்றாவது சோதனை: தூசி

சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. லாரிகள் ஓயாமல் ஓடும். அந்தத் தூசி வீட்டுக்குள்ளும் வரும். மடிக்கணினி விசிறியில் அது பஞ்சுபோல் படிந்தால், உள் உஷ்ணம் வெளியேற வழி இல்லை. பல பிராசசர்களுக்கு 100 டிகிரி அளவில் எல்லை. அதை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது சிறிய வேலையும் பெரிய சுமை ஆகிவிடும்.

மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து உபயோகிக்காதீர்கள்; காற்றுத் துவாரம் அடைபடும். தூசி தட்டும் முன் கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். திறந்து சுத்தம் செய்யத் தெரியாதவர்கள் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது. பிராசசர் மேல் தடவியுள்ள பசை காய்ந்திருந்தால், அதையும் மாற்றித் தரச் சொல்லலாம்.

இன்னும் ஒன்று. விண்டோஸ் 7-க்கு 2020-ம் ஆண்டு ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025-ம் ஆண்டு அக்டோபரிலும் மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய பெட்டிக்குப் புது விண்டோஸ் பொருந்தாவிட்டால், பாரம் குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போடலாம். விலை கிடையாது.

மணி பதினொன்று

அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

பட்டியலைப் பார்த்தாள் மகள். 23 பக்கங்கள் திறந்து கிடந்தன. அவற்றில் ஒன்று, தம்பி மதியம் பார்த்த திருட்டு சினிமாத் தளம். அது மட்டும் 80 சதவீதத்தை விழுங்கிக்கொண்டிருந்தது! எல்லாவற்றையும் மூடினாள். விசிறி மெல்ல அடங்கியது.

மணி 11. 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்று திரையில் எழுத்து வந்தது.

"இதை விற்க வேண்டாம், அப்பா" என்றாள் மகள்.

தந்தை சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை தூசியையும் எடுத்துவிடுவோம்" என்றார்.